தங்கமீனும் அதன் பிணிகளும்

வீட்டில் வளர்க்கப்படும் உயிர்கள் பலவும் தம் நோவைக் குரலாலே தெரிவிக்க வல்லன. நோயுற்ற நாய் முனகும்; பூனை கதறும்; பேசும் கிளி பேச்சை நிறுத்திவிடும். தங்கமீனுக்கோ குரல் இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள்ளே அது ஓசையின்றி நோயுற்று, ஓசையின்றி மடிந்துவிடுகின்றது. காலையில் எழுந்து வந்த குழந்தை, நீர்மட்டத்திலே கிடக்கும் மீனைக் கண்டு, "நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்று அழுகின்றது. உண்மையில் அம்மீன் நேற்று நன்றாக இருந்திருக்க முடியாது. தன் நிலையைத் தனக்குத் தெரிந்த வகையிலே அது பல நாட்களாக உணர்த்திக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்தக் குறிகளை அறிந்துகொள்வதும், அறிந்தபின் எதனை முதலிலே செய்வது, எதனைச் செய்யாதிருப்பது என்று தெளிவதுமே இப்பேச்சின் பொருள்.

தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சீன நாட்டிலே, சாம்பல் நிறமுடைய சாதாரணக் குளத்துமீன்களிடையே அரிதாகத் தோன்றிய பொன்னிற மீன்களைத் தெரிந்தெடுத்து வளர்த்ததனால் உண்டான இனம் இது. இதன் ஆயுள் குறுகியதென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். 1956 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஒரு களியாட்ட விழாவிற் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 ஆம் ஆண்டுவரை, அதாவது 43 ஆண்டுகள், வாழ்ந்தமை உலக சாதனைப் பதிவுகளில் இடம்பெற்றது. எல்லா மீனும் அத்துணைக் காலம் வாழ்வதில்லையெனினும், நல்ல முறையிற் பேணப்படும் தங்கமீன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது வியப்பன்று. அங்ஙனமாயின் கடையிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன்கள் ஒரு மாதத்திற்குள்ளேயே இறந்துபோவது ஏன்? கிருமிகள் காரணமாவதுண்டு, ஒட்டுண்ணிகள் காரணமாவதும் உண்டு. ஆயினும் பெரும்பாலான தொட்டிகளில் முதற் குற்றவாளி நீரேயாகும்.

நோயை அறிய விரும்புவோர் முதலிலே நலத்தை அறிந்திருத்தல் வேண்டும். நலமுள்ள தங்கமீன் ஓயாது உலாவும். தொட்டியின் அடியிற் பரப்பிய மணலைக் கிளறி இரை தேடும். வளர்ப்பவர் அருகில் வந்ததும் உணவை எதிர்பார்த்து முன்னே ஓடிவரும். அதன் முதுகுச் செட்டை நிமிர்ந்து நிற்கும். செதில்கள் உடலோடு படிந்து மினுங்கும். செவுள் மூடிகள் சீராகவும் அமைதியாகவும் அசையும். நாள்தோறும் உணவிடும்போது ஐந்து நிமிடம் நின்று இவற்றைப் பார்த்து வருபவருக்கு, மீனின் வழக்கம் மாறும் நாள் தானே புலப்படும். அந்த ஐந்து நிமிடத்தினும் சிறந்த சோதனைக் கருவி வேறில்லை.

வழக்கம் எவ்வகைகளில் மாறும்? மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடித் தவிக்குமாயின், அதற்கு மூச்சு முட்டுகின்றது என்பது பொருள். செட்டைகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலையிலே அசையாதிருக்குமாயின், ஏதோவொன்று அதனை வருத்துகின்றது. தொட்டியின் சுவரிலும் கற்களிலும் திடீரெனப் பாய்ந்து உடலைத் தேய்க்குமாயின், தோலிலே ஒட்டுண்ணி அரிக்கின்றது, அல்லது நீரிற் கலந்த நஞ்சு எரிக்கின்றது. உணவைக் கண்டும் அணுகாதிருத்தல், நிறம் மங்குதல், தோலின்மேல் வெண்மையான சளிப்படலம் படர்தல், செட்டையில் இரத்த நரம்புகள் சிவந்து தோன்றுதல் ஆகியனவும் எச்சரிக்கைக் குறிகளே. ஒரு மீன் மட்டும் இவ்வாறிருந்தால் அம்மீனை ஆராய்தல் தகும். தொட்டியிலுள்ள எல்லா மீனும் ஒருங்கே வாடினால் மீனை ஆராய்வதில் பயனில்லை. நீரை ஆராய்தல் வேண்டும்.

நீர் நஞ்சாவது எவ்வாறு? மீன் தன் உடற்கழிவை அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகின்றது. தின்னாது எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றது. ஆற்றிலும் குளத்திலும் இது பெருநீரிற் கரைந்து போய்விடும். சிறு தொட்டியிலோ மீன் தன் கழிவிலேயே குடியிருக்க வேண்டியதாகின்றது. இந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனைப் பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் நல்ல பற்றீரியாக்கள் இயற்கையில் உள்ளன. அவை வடிகட்டியின் பஞ்சிலும் அடிமணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். புதுத் தொட்டியை வாங்கிய அன்றே அதில் ஐந்தாறு மீன்களை இட்டுவிடுவோர், அந்தப் பற்றீரியாக்கள் வந்து சேருமுன்னரே மீன்களை நஞ்சினுள் இடுகின்றனர். முதல் மாதத்திலேயே மீன்கள் இறப்பதன் மருமம் இதுவே.

அமோனியாவுக்கு நிறமில்லை. கண்ணுக்குப் பளிங்குபோலத் தெளிந்திருக்கும் நீரும் கொடியதாயிருத்தல் கூடும். அமோனியா செவுளையும் தோலையும் எரிக்கும். நைத்திரைற்றோ குருதியிற் புகுந்து, ஒட்சிசனைச் சுமக்கும் அதன் ஆற்றலைக் கெடுக்கும்; அப்பொழுது சிவந்திருக்க வேண்டிய செவுள் கபில நிறமாகும். இவற்றை அளந்தறிய உதவும் சோதனைத் துளிகள் மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கின்றன. அமோனியா, நைத்திரைற்று ஆகிய இரண்டும் பூச்சியமாக இருத்தலே நலம். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அமோனியாவின் கொடுமை மிகும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளின் நீர் சுண்ணாம்புக் கற்பாறையினின்று ஊறுவது. இத்தகைய வன்னீர் தங்கமீனுக்கு ஒவ்வாததன்று; ஆனால் அதன் காரத்தன்மை காரணமாக அங்கே சிறிதளவு அமோனியாவும் பெருந்தீங்கு செய்யும் என்பதை வளர்ப்போர் மறத்தலாகாது.

வெப்பம் மற்றொரு வகையாலும் இடர் தரும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவிற்குக் குறைந்துவிடும். மீனின் தேவையோ வெப்பம் ஏற ஏற அதிகரிக்கும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்பும் இனமாதலின், கொழும்பிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கோடை நண்பகலிலே அதன் இடுக்கண் பெரிதாகும். நீரை மேலும் கீழும் கிளர்ந்தெழச் செய்யும் காற்றுப் பம்பி அலங்காரப் பொருளன்று, உயிர்காக்கும் கருவி. 2022 ஆம் ஆண்டிலே இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தில், மூச்சுமுட்டியது மீனுக்கு மட்டுமன்று. வடிகட்டியில் வாழ்ந்த நல்ல பற்றீரியாக்களுக்கும் ஒட்சிசன் இல்லாது போயிற்று. அத்தகைய வேளையில் ஒரு குவளையால் நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியினுள் ஊற்றுதல் நல்ல உதவியாகும். மணிக்கொரு முறை இவ்வாறு சில நிமிடம் செய்யலாம். அப்பொழுது உணவிடாதிருத்தல் வேண்டும்.

குழாய்நீரைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மனிதரைக் காப்பதற்காக அந்நீரிற் சேர்க்கப்படும் குளோரீன் மீனின் செவுளை அரித்துவிடும்; நல்ல பற்றீரியாவையும் கொல்லும். நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரீன் நீங்கிவிடும். குளோரமின் என்னும் சேர்வை கலந்த நீராயின் ஒரு நாளில் நீங்காது. அதற்குரிய மருந்துத்துளியை இடுதல் வேண்டும். நீரைத் தேக்கி வைக்கும் வாளியை மெல்லிய துணியால் இறுக மூடி வைத்தல் கட்டாயம். இல்லையேல் மீனைக் காக்க வைத்த நீரிலேயே டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பெருகும்.

இனி, மீன் நோயுற்றதாகத் தோன்றும்போது செய்ய வேண்டியது யாது? நோயைத் தெரிந்து, அதன் மூலத்தைத் தேடி, அதன் பின்னரே பரிகாரத்துக்குச் செல்லுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துகின்றது. மனிதருக்குச் சொன்ன அவ்வொழுங்கு மீனுக்கும் பொருந்தும். ஆனால் வழக்கத்தில் நடப்பது வேறு. மீன் வாடியதும் கடைக்கு ஓடி, நீலமோ பச்சையோ மஞ்சளோ கிடைத்த மருந்தை வாங்கி வந்து தொட்டியில் ஊற்றிவிடுகின்றனர். மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு மருந்தும் ஒரு சுமையாகின்றது. ஆதலின் முதலிலே உணவை நிறுத்துக. தொட்டிநீரில் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை வெளியேற்றி, குளோரீன் நீங்கியதும் அதேயளவு வெப்பமுடையதுமான நீரை மெல்ல ஊற்றுக. காற்றுப் பம்பியை ஓடவிடுக. பல மாதங்களாக நீர் மாற்றப்படாத தொட்டியாயின், ஒரேயடியாக மாற்றாது, நாள்தோறும் சிறிது சிறிதாக மாற்றுதல் வேண்டும். நெடுநாட் பழகிய நீரின் தன்மை திடீரென மாறுவதும் மீனைக் கொல்லும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரிற் கழுவாது, தொட்டியினின்று எடுத்த நீரிலேயே அலசுக. ஒன்றிரண்டு நாட்களில் மீன்கள் பல தேறிவிடுவதைக் காணலாம். தேறாதவற்றுக்கே மருந்து தேவை.

மருந்து வேண்டும் நோய்களுள் எளிதில் அடையாளம் காணக்கூடியது வெண்புள்ளி நோய். உப்புத் தூள் தூவினாற்போன்ற வெள்ளைப் புள்ளிகள் உடலிலும் செட்டைகளிலும் தோன்றும். மீன் கல்லில் உரசும். இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். எல்லா வெண்புள்ளியும் நோயல்ல என்பதை இங்கே சொல்லுதல் வேண்டும். இனப்பெருக்க காலத்திலே ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் மார்புச் செட்டையின் முன்விளிம்பிலும் ஒழுங்காக அமைந்த வெண்முத்துக்கள் தோன்றும். அது பருவத்தின் குறி. அதனை நோயென்று கருதி நலமுள்ள மீனுக்கு மருந்திட்டவர் பலர்.

வெண்புள்ளி நுண்ணுயிரின் வாழ்க்கையை அறியாதவர் அதனை வெல்லுதல் அரிது. அது தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதனைத் தொடாது. முதிர்ந்தபின் மீனை விட்டு நீங்கி, அடிமணலில் உறையொன்றை அமைத்து, அதனுள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அக்குஞ்சுகள் வேறொரு மீனைத் தேடி நீந்தும் அச்சிறு காலத்திலேதான் மருந்து அவற்றைக் கொல்லும். ஆதலின் புள்ளிகள் மறைந்தவுடன் நோய் தீர்ந்ததென்று சிகிச்சையை நிறுத்துவோரின் தொட்டியில், சில நாட்களில் முன்னினும் பன்மடங்காகப் புள்ளிகள் திரும்பி வருகின்றன. தாழ்நிலத்து வெப்பத்திலே இந்தச் சுற்று சில நாட்களில் முடிந்துவிடும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் வாரக்கணக்கிற் செல்லும்; அங்கே சிகிச்சையும் நீளும்.

இதற்கு மலிவான மருந்து கல்லுப்பு. லீற்றருக்கு 3 கிராம், அதாவது பத்து லீற்றர் நீருக்கு 30 கிராம் என்னும் அளவைத் தங்கமீன் நன்கு தாங்கும். அதனை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் தனியே கரைத்து, பன்னிரண்டு மணிநேர இடைவெளியில் ஊற்றுதல் வேண்டும். இறுதிப் புள்ளி மறைந்தபின்னும் ஒரு வாரமேனும் தொடர்தல் வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த நீரை நிரப்புகையில் வெறும் நீரையே ஊற்றுக. வெளியே எடுத்துக் கொட்டிய நீருக்கு மட்டும் புதிதாக உப்பைக் கணக்கிட்டுச் சேர்க்க. நீர்த்தாவரங்கள் உப்பிற் பட்டுப்போகுமாதலின் அவற்றை முன்னரே அகற்றிவிடல் நன்று. உப்பு நைத்திரைற்று குருதியிற் புகுவதையும் தடுக்கும்.

செட்டையின் ஓரம் கந்தல் துணிபோலக் கிழிந்து வெளிறுவது செட்டையழுகல். இது பற்றீரியாவால் வருவது. அழுக்குநீரே அதற்கு வாயில். தொடக்கத்திலே கண்டால், நாள்தோறும் நீர்மாற்றுவதாலும் மேற்கூறிய உப்பாலும் பெரும்பாலும் குணமாகும். செட்டை மீண்டும் வளரும். அழுகல் செட்டையின் அடிவரை சென்றுவிடின் வளர்வது ஐயம். பழைய காயத்தின்மேல் பஞ்சுபோன்ற வெண்மயிர் படர்வது பங்கசு. ஆனால் வாயைச் சுற்றி அத்தகைய வெள்ளைப்படலம் தோன்றி, மீன் விரைவாக நலிவுறுமாயின் அது பங்கசன்று. பங்கசுபோலத் தோற்றும் பற்றீரியா நோய். இரண்டிற்கும் மருந்து வேறு. பங்கசுக்கு மெதிலீன் நீலம் பயன்படும். அம்மருந்து வடிகட்டியின் நல்ல பற்றீரியாவையும் அழித்துவிடுமாதலின், மீனை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றியே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

கண்ணாற் காணக்கூடிய ஒட்டுண்ணிகளும் உள. தோலினின்று சிறு நூல்போலத் தொங்குவது நங்கூரப்புழு. பெயர் புழுவாயினும் அது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. அதன் தலை நங்கூரம்போற் கிளைத்துத் தசையினுட் புதைந்திருக்கும். தட்டையாக வட்டமாக ஊர்வது மீன்பேன். மீனை ஈரத்துணியிற் பிடித்து, மயிர்பிடுங்கியால் புழுவை வேரோடு மெல்ல இழுத்தெடுத்து, புண்ணில் அயடீன் மருந்தைச் சிறிது தொட்டுவிடலாம். ஆனால் முட்டைகளும் குஞ்சுகளும் நீரில் எஞ்சியிருக்குமாதலின், தொட்டி முழுவதற்கும் மருந்து வேண்டியிருக்கும். அதனை அறிந்தவரிடம் கேட்டே செய்தல் நலம்.

உருண்ட உடலும் விரிந்த வாலுமுடைய அலங்கார இனங்களில் மீன் தலைகீழாக மிதப்பதும், எழமுடியாது அடியிற் கிடப்பதும் காணப்படும். மனிதர் விருப்பத்துக்காக உடலைக் குறுக்கி வளர்த்ததன் விளைவு இது. உள்ளுறுப்புகள் நெருக்கப்பட்டு, நீரிற் சமநிலை பேணும் காற்றுப்பை தன் தொழிலைச் சரிவரச் செய்வதில்லை. தங்கமீனுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று இல்லை. ஒரே வேளையில் மிகுதியாக உண்டதும், மிதக்கும் உணவோடு காற்றை விழுங்கியதும் இக்கேட்டை வளர்க்கும். இரண்டு மூன்று நாள் பட்டினியிட்டு, பின்னர் அவித்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியைச் சிறிது கொடுத்தால் பல மீன்கள் நிமிர்ந்துவிடும். பின்பும் அடியில் அமிழும் உணவையே கொடுத்தல் நன்று. அன்பின் மிகுதியாற் பாண் துண்டும் சோறும் அள்ளி வீசும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும்.

தீர்க்க அரிய நோய்களும் உண்டு. உடல் ஊதி, செதில்கள் அன்னாசிப்பழத்தின் தோல்போல வெளியே நிமிர்ந்து நிற்குமாயின், சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் கோத்துவிட்டது என அறிக. அந்நிலையிற் பிழைப்பவை மிகச் சில. 1992 ஆம் ஆண்டளவில் யப்பானிலே தங்கமீன்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த வைரசு நோய்க்கு மருந்து இல்லை. அது பின்னர்ப் பல நாடுகளிலும் காணப்பட்டது. நம்பிக்கையற்ற நிலையில் மீனைத் தரையிற் போட்டோ, மலகூடத்தில் இட்டோ போக்குவது கொடுமை. மயக்கி வலியின்றி முடிக்கக் கராம்புத் தைலம் பயன்படுத்தப்படுகின்றது; அளவை மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். பெயர் தெரியாத நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைத் தாமே பொடித்துத் தொட்டியில் இடுவது தகாது. அரைகுறை அளவில் இடப்படும் மருந்து கிருமியைக் கொல்லாது. மருந்துக்கு அஞ்சாத கிருமியையே வளர்த்துவிடும்.

வருமுன் காத்தலே எளிது. ஒரு தங்கமீனுக்கு ஏறத்தாழ 75 லீற்றர் கொள்ளும் தொட்டி வேண்டும். அழகிய உருண்டைக் கிண்ணம் அதற்கு வீடாகாது. வாரந்தோறும் கால்பங்கு நீரையேனும் மாற்றுதல் நன்று. புதிதாக வாங்கிய மீனை நான்கு வாரமாவது தனிப்பாத்திரத்தில் வைத்திருந்து, நோயில்லையெனத் தெளிந்தபின்னரே பழைய மீன்களோடு சேர்த்தல் வேண்டும். கையிற் காயமுள்ளோர் வெறுங்கையைத் தொட்டிநீரில் இடலாகாது. அந்நீரில் வாழும் ஒருவகைக் கிருமி மனிதர் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும். வளர்க்க இயலாத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவதும் அறமன்று. அதன் நோயும் அதன் வழித்தோன்றல்களும் அந்நீரின் சொந்த மீன்களுக்குப் பகையாகும்.

குளத்து மீன் தனக்கு ஒவ்வாத நீரை விட்டு வேறிடம் நீந்திச் செல்லும். தொட்டி மீனுக்கு அவ்வழி அடைக்கப்பட்டிருக்கின்றது. அதன் உலகம் முழுவதும் வளர்ப்பவர் ஊற்றிய நீரே. குழந்தைக்கு ஒரு மீனை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அம்மீனோடு ஒரு வாளியையும் கொடுத்து, நாளைக்கு மாற்ற வேண்டிய நீரை இன்றே நிரப்பி மூடி வைக்கக் கற்பிப்பாராயின், மருந்துப் புட்டியைத் தேடி ஓட வேண்டிய நாட்கள் மிகக் குறைந்துவிடும்.